கடல்வழி வந்த மூன்றாவது ராஜா

1

டிசம்பர் நடுவில் ஒரு மாலை. என் மகன் தாமஸ் பள்ளிக்கூடப் பையைக் கூடத்தில் வீசிவிட்டு, பனி அப்பிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடி வந்தான்.

"அம்மா, இந்த வருஷம் நான்தான் மோர்!"

நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஆறரை வயது. ஜெர்மன் மொழியில் மூச்சு விடாமல் பேசுவான். தமிழில் நான் பத்து வார்த்தை பேசினால் இரண்டைத் திருப்பித் தருவான். பசிக்கிறதென்று நினைத்தேன்.

"மோரா? வீட்ல தயிரே இல்லையே கண்ணு."

"குடிக்கறதுக்கு இல்லம்மா. நானே மோர்!" என்று மார்பில் தட்டிக் காட்டினான்.

என் கணவர் ஸ்டீபன் ஆலையிலிருந்து வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. இந்த ஊர்ப் பேச்சில் மோர் என்றால் கறுப்பு மனிதன். பழங்காலத்துச் சொல். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு அதுதான் இங்கே பெயர்.

ஊரில் இருக்கும் உங்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது கொலோன் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூர். அந்த மூன்று ராஜாக்களின் எலும்புகளைக் கொலோன் பேராலயத்தில் தங்கப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள் என்பது இவர்கள் நம்பிக்கை. அதனால் இந்தப் பக்கமெல்லாம் அவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி. ஜனவரி ஆறாம் தேதி சிறுவர்கள் கிரீடம் வைத்துக்கொண்டு, கழியில் ஒரு நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். வீட்டுக் கதவின் மேல் சாக்குக்கட்டியால் வருஷத்தையும் ராஜாக்கள் பெயரின் முதலெழுத்துகளான சி, எம், பி மூன்றையும் எழுதி ஆசீர்வதிப்பார்கள். ஒரு பையன் மட்டும் முகத்தில் கரி பூசிக்கொள்வான்.

மறுநாள் ஃபிராவ் வேபர், நம் பேச்சில் சொன்னால் வேபர் அம்மா, போன் செய்தார். பங்குக் கோயிலில் சிறுவர்களைத் தயார் செய்பவர் அவர்தான். நல்ல மனுஷி. நான் பிரசவித்துக் கிடந்தபோது தினமும் சூப் கொண்டு வந்தவர்.

"தாமஸ் எங்களுக்குப் பெரிய சௌகரியம். அவனுக்குக் கரி பூச வேண்டியதே இல்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் ஏன் சிரித்தேன் என்று யோசித்தேன். அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தமிழில் கேட்டிருக்கிறேன்.

2

நான் விமானம் ஏறி இந்த ஜனவரியோடு பத்து வருஷம். பதினெட்டு வயதில் நர்ஸ் படிப்புக்கென்று வந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு டிராம் பிடிக்கிறேன். ஆறு மணிக்கு வார்டில் இருக்கிறேன். ஊசி, கட்டு, ரத்த அழுத்தம், கிழவர்களின் கோபம். மூன்று மணிக்குத் தாமஸை அழைத்துக்கொண்டு வீடு.

வருஷத்துக்கொரு தடவை வெளிநாட்டவர் அலுவலகம். அங்கே எங்கள் குடும்பம் ஒரு தீராத வழக்கு. ஸ்டீபனுடைய குடும்பப் பெயர் ஆரோக்கியசாமி என்று பதிவாகியிருக்கிறது. அது என் மாமனார் பெயர். என்னுடையது சவரிமுத்து. அது என் அப்பா பெயர். மகனுடையது ஸ்டீபன். ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒரு அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்துக்கொண்டு, "நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானா?" என்று கேட்பார். எங்கள் ஊரில் அப்பா பெயர்தான் பின்னால் வரும் என்று நான் விளக்குவேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்கள் குடும்பத்தின் பெயர் என்ன?" என்பார். மூன்று பாஸ்போர்ட்டையும் பொறுக்கிக்கொண்டு வெளியே வருவேன்.

ஆஸ்பத்திரியிலும் நான் ஃபிராவ் சவரிமுத்துதான். அவர்கள் வாயில் அது "ஜாவாரிமூட்டு" ஆகிவிடும். அப்பாவுக்கு இதை முதன்முதலில் எழுதியபோது, "என்னை ஜெர்மனியில தினமும் கூப்பிடுறாங்களா, அதான் எனக்கு இங்க விக்கல் நிக்க மாட்டேங்குது" என்று பதில் எழுதியிருந்தார்.

அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

3

என் அப்பா சவரிமுத்துவுக்குத் தேனாம்பேட்டையில் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர் வேலை. காக்கி உடுப்பு, பித்தளைப் பொத்தான், உட்கார ஒரு முக்காலி. காலை எட்டு மணியிலிருந்து மேலே, கீழே, மேலே, கீழே. நல்ல கறுப்பு. சாந்தோமில் எங்கள் சந்தில் அவரைவிடக் கறுப்பானவர் இல்லை. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். "லிஃப்டுல கரெண்டு போனா சாருங்க என் பல்ல பாத்துத்தான் கதவ கண்டுபுடிக்கணும்."

எங்கள் சந்து முடிகிற இடத்தில் ஒரு சிற்றாலயம் இருந்தது. சாந்தோம் பேராலயத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் படாத அளவுக்குச் சின்னது. அதற்குப் பின்னால் மணல், குப்பம், கடல். அங்கே ஆண்டுதோறும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று சாயங்காலம் ஒரு நாடகம் நடக்கும். நடத்துகிறவர் பிரகாசம் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லித் தந்தவர். விசிலும் கழுத்துமாகவே திரிவார்.

முதல் ராஜா மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து பேண்டு வாத்தியத்தோடு குதிரையில் வருவார். கையில் பொன். இரண்டாவது ராஜா அடையாற்றுப் பக்கத்திலிருந்து அலங்கரித்த சைக்கிள் ரிக்‌ஷாவில் வருவார். கையில் தூபம். மூன்றாவது ராஜா கடலிலிருந்து வருவார். குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தில் தோரணம் கட்டி, தெற்கே கொஞ்ச தூரத்தில் அவரை ஏற்றி, அலை தாண்டி உள்ளே போய்த் திரும்பி, ஆலயத்துக்கு நேரே கரை சேர்ப்பார்கள். அவர் கையில் வெள்ளைப்போளம். ஒன்பது வருஷம் அந்த மூன்றாவது ராஜா என் அப்பாதான்.

வெள்ளைப்போளத்தை மயிலாப்பூர்க் குளத்தருகே ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்குவோம். பழுப்பு நிறப் பிசின் கட்டி, பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்தாகவும் தருவார்கள். நானும் கூடப் போவேன். ஒரு வருஷம் கடையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொட்டலம் கட்டிக்கொண்டே, "வீட்ல பிரசவமா?" என்று கேட்டார்.

"ஆமா சார், மாதாவுக்கு" என்றார் அப்பா.

"பொண்ணா, பையனா?"

"பையன். பொறந்து பன்னண்டு நாள் ஆவுது."

கடைக்காரர் சந்தோஷப்பட்டுக் கொஞ்சம் சுக்கும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். வழி நெடுக நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம்.

வேஷம் போடுகிற இடம் ஆலயத்துக்குப் பக்கத்து ஷெட். மற்ற இரண்டு ராஜாக்களும் நம் ஊர்க்காரர்கள்தானே. ஒருவர் மாநிறம், ஒருவர் அதற்கும் கொஞ்சம் மேல். அவர்களை வெள்ளையாக்க பிரகாசம் மாஸ்டர் ரோஸ் பவுடரைக் குழைத்துக் குழைத்து அப்புவார். காதுக்குப் பின்னால் மட்டும் பழைய நிறம் தெரியும். அப்பா முறை வரும்போது பவுடர் டப்பாவை மூடிவிடுவார்.

"சவரிக்குக் கரியே தேவையில்லப்பா. கடவுளே மேக்கப் போட்டு அனுப்பிட்டாரு!"

ஷெட்டே சிரிக்கும். எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பது அப்பா.

4

எனக்குப் பதினாலு வயதான வருஷம் பள்ளிக்கூடத்தில் பெண்கள் என்னைக் "கரி ராஜா பொண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் அப்பா நிறம். யாரோ ஒருத்தி என் பெஞ்சில் கரித்துண்டு ஒன்றை வைத்து, "உங்கப்பா மறந்துட்டுப் போயிட்டாரு" என்று சீட்டு எழுதியிருந்தாள். நான் அழவில்லை. கரித்துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. அப்பா வாசலருகே உட்கார்ந்து பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே ராஜா அங்கியின் கிழிந்த ஓரத்தை மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். பழைய திரைச்சீலையில் வெட்டிய சிவப்பு அங்கி அது.

"அப்பா, இந்த வருஷம் நீ ராஜாவா போவாத."

"ஏம்மா?"

"எல்லாரும் சிரிக்கறாங்க. உன்னப் பாத்து சிரிக்கறாங்கப்பா. உனக்குத் தெரியல. ஸ்கூல்ல என்னப் பாத்தும் சிரிக்கறாங்க."

பையிலிருந்து கரித்துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேடிக்கையாக ஏதாவது சொல்லியிருந்தாலும் போதும். அவர் பொத்தானைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். உள்ளே தையல் சத்தம் நின்றது.

பிரகாசம் மாஸ்டரிடம் முட்டி வலி என்று சொல்லி அனுப்பினார். மாஸ்டர் நாலைந்து பேரைக் கேட்டுப் பார்த்தார். முதல் ராஜா வேஷத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள் எல்லாம் மூன்றாவது ராஜா என்றதும் மார்கழிக் குளிர் ஆகாது, கடல் தண்ணீர் ஆகாது என்றார்கள். கடைசியில் மாஸ்டர் இரண்டு ராஜாக்களே போதும், மூன்றாவது காணிக்கையைக் கோயில் பையன் ஒருவன் தட்டில் வைத்துக் கொண்டு வரட்டும் என்று முடிவு செய்தார். அதை எல்லாருக்கும் சொன்னவர் குப்பத்துக்கு மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

5

திருநாளன்று சாயங்காலம் நாலரை மணி இருக்கும். அஞ்சலை எங்கள் வாசலில் வந்து நின்றாள். குப்பத்தில் மீன் விற்கிறவள். அவளும் அவள் புருஷன் ஏழுமலையும் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் ஒன்பது வருஷமாக அப்பாவை ஏற்றி வருவது ஏழுமலையின் கட்டுமரம்தான்.

"இன்னா அண்ணாத்தே, நீ பாட்டுக்கு குந்திகினு கீற? மரத்துல பூவு, தோரணம் எல்லாம் கட்டி வெச்சிகினு எங்க ஊட்டுக்காரரு நிக்கிறாரு. புள்ளைங்கல்லாம் மத்தியானத்துலர்ந்து கரையில குந்திகினு கீதுங்க, எங்க ராஜா எங்கன்னு."

"முட்டி வலி அஞ்சல. மாஸ்டர் சொல்லலியா?"

"முட்டியா?" அவள் இடுப்பில் கை வைத்தாள். "காத்தால பஸ்ஸு பின்னால ஓடிக்கினு போனியே, அது இன்னா முட்டி?"

அப்பா முட்டியைத் தடவிக்கொண்டார். வேலையிலிருந்து வந்து காக்கி உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை அவரைப் பார்த்தாள், உள்ளே நின்ற என்னைப் பார்த்தாள். என்னமோ புரிந்த மாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ரெண்டு ராஜாவும் ரோட்டுல வர்றவங்க நைனா. அவங்க கோயிலுக்கு ராஜா. நீ எங்க மரத்துல வர்றவன். எங்க ராஜா. போய் புள்ளைங்களுக்கு இன்னா சொல்றது நானு?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் ராஜா என்று அவள் சொன்னது என் காதிலேயே நின்றது. ஒன்பது வருஷமும் நான் ஷெட்டில் சிரித்தவர்களைத்தான் கவனித்திருக்கிறேன். கரையில் காத்திருந்தவர்களை ஒரு நாளும் கவனித்ததில்லை.

"அப்பா, போப்பா" என்றேன்.

"வேணாம்மா. நீ சொன்னது சரிதான். வயசாவுது, இன்னும் இன்னா வேஷம்."

"நான் தெரியாம சொல்லிட்டேன்பா."

"தெரிஞ்சிதான் சொன்ன. பரவால்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கை கால் கழுவ ஆரம்பித்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து சிவப்பு அங்கியையும் ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடத்தையும் எடுத்து வெளியே வைத்தாள். அப்பாவைக் கட்டாயப்படுத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அங்கியை என் தோளில் போட்டாள்.

"நீ கெடுத்தத நீயே போய் சரி பண்ணு" என்றாள்.

கோயில் பையனுக்கென்று அப்பா வாங்கி வைத்திருந்த, அவன் இன்னும் வந்து எடுத்துப் போகாத வெள்ளைப்போளத்தைப் பித்தளைத் தட்டோடு தூக்கிக்கொண்டு நான் கரைக்கு ஓடினேன். அங்கி காலில் தட்டித் தட்டி இரண்டு தடவை விழுந்தேன். ஏழுமலை என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"இன்னாம்மா, பொம்பள ராஜாவா?"

"எங்கப்பாவுக்கு பதிலா."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

அவர் அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை, "ஏத்துய்யா, நேரமாவுது" என்றாள். பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு மரத்தைத் தள்ளினார்கள்.

கட்டுமரம் என்பது கரையிலிருந்து பார்க்கத்தான் அழகு. உட்கார்ந்தால் நாலைந்து கட்டைகள், நடுவில் தண்ணீர். முதல் அலை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது அலையில் தட்டு பறந்தது. எட்டிப் பிடித்தேன். தட்டு கையில் இருந்தது, வெள்ளைப்போளம் கடலில் இருந்தது. கிரீடம் நனைந்து காது வரை தொங்கிவிட்டது. ஏழுமலையும் அவர் தம்பியும் துடுப்புப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஏனோ கோபம் வரவில்லை.

அலை தாண்டியதும் சட்டென்று சத்தம் அடங்கியது. கரை முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. ஆலயக் கூரை, சீரியல் விளக்குகள், தூரத்தில் பேண்டு சத்தம். மணலில் ஒரு காக்கிச் சட்டை எங்களுக்குச் சமமாக வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்திக்கொண்டே ஓடியது. அவருக்குப் பின்னால் அஞ்சலையின் குரல் காற்றில் தெளிவாகக் கேட்டது.

"முட்டி வலி போய்ட்ச்சா நைனா?"

6

கரை சேர்ந்தபோது அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். அப்படியே என்னைத் தூக்கிக்கொண்டார். பதினாலு வயதுப் பெண்ணை, அத்தனை பேர் முன்னால். ஆலய வாசலில் கொண்டுபோய்த்தான் இறக்கிவிட்டார்.

குடிலுக்கு முன்னால் பவுடர் ராஜாக்கள் இருவரும் மண்டியிட்டிருந்தார்கள். முன்வரிசையில் என் வகுப்புப் பெண்கள். பிரகாசம் மாஸ்டர் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். "மூன்றாம் காணிக்கையாக வெள்ளைப்போளம்..." நிமிர்ந்தார். நீர் சொட்டச் சொட்ட ஒரு பெண் ராஜா. காலித் தட்டு. பக்கத்தில் நனைந்த லிஃப்ட் ஆபரேட்டர்.

மாஸ்டருக்கு விசில் ஊதுவதா வாசிப்பதா என்று தெரியவில்லை. ஒலிபெருக்கி கொர்ரென்று இழுத்தது.

"எங்கேப்பா அந்த வெள்ளைப்போளம்?" என்று மைக்கை மூட மறந்து கேட்டுவிட்டார்.

"கடல்ல கொட்டிடுச்சு மாஸ்டர்!" என்றார் அப்பா.

கூட்டம் சிரித்தது. என் வகுப்புப் பெண்களும் சிரித்தார்கள். பின்னாலிருந்து அஞ்சலை கத்தினாள்.

"கொட்னா இன்னா? கடலு மட்டும் யாருது? அதுவும் அந்தக் கொயந்தைதுதானே! ராஜா வந்தாச்சில்ல, மேல படி வாத்தியாரே!"

யாரோ கை தட்டினார்கள். குப்பத்துப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். நான் காலித் தட்டைக் குடிலுக்கு முன்னால் வைத்தேன். அப்பா என் பக்கத்தில் மண்டியிட்டார். அவர் காக்கிச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி வைக்கோலில் விழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்.

"அவங்க சிரிக்கறப்ப உனக்கு வலிக்கலியாப்பா?"

அப்பா தெரு விளக்கடியில் நின்று சட்டையைப் பிழிந்தார்.

"வலிக்கும். எல்லா வருஷமும் வலிக்கும். அதான் எல்லாரையும்விட சத்தமா சிரிப்பேன்" என்றார். "ஆனா நாள் பூரா அந்தப் பொட்டியில நின்னுகினு மேல கீழ, மேல கீழன்னு போறேன்மா. வருஷத்துல ஒரு நாள்தான் குறுக்கால போறேன். கடல் மேல. அதுக்காவ அந்த ஷெட்ட பொறுத்துக்கலாம்னு தோணும்."

அடுத்த வருஷம் அவர் மறுபடி போனார். நான் ஜெர்மனிக்குக் கிளம்பும்வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் போனார். மற்ற ராஜாக்களுக்குப் பவுடர் அப்புவது நிற்கவில்லை. மாஸ்டரின் அந்த வேடிக்கையும் நிற்கவில்லை. ஆனால் அப்பா அதற்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவர் சிரிக்காததால் மற்றவர்கள் சிரிப்பும் பாதியில் நின்றுபோகும். எனக்குப் பள்ளியில் பெயர் மாறியது. "நனைஞ்ச ராஜா" என்றார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

7

ஆக, ஃபிராவ் வேபரின் போனுக்குப் பிறகு மூன்று நாள் நான் ஜெர்மன் வாக்கியங்களாகத் தயார் செய்துகொண்டிருந்தேன். டிராமில், வார்டில், படுக்கை விரிப்பை மாற்றும்போதெல்லாம். "என் மகன் உங்கள் சௌகரியத்துக்காகப் பிறக்கவில்லை" என்பது அதில் ஒன்று. இலக்கணத்தை நர்ஸ் தோழி ஒருத்தியிடம் காட்டித் திருத்திக்கொண்டேன்.

ஸ்டீபன், "ஒரு நாள் கூத்து பிலோ, விடு. அந்த அம்மா நல்லவங்க" என்றார்.

"மாஸ்டரும் நல்லவர்தான்" என்றேன்.

நாலாம் நாள் தாமஸ் ஒத்திகையிலிருந்து அழுதுகொண்டே வந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னான். போன வருஷம் மார்க்குஸுக்குக் கரி பூசினார்களாம். மூக்கு, காது, கழுத்தெல்லாம். எல்லாரும் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். இவனுக்கு மட்டும் பூச மாட்டோம் என்கிறார்களாம்.

"எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

அவன் அழுதது தன் நிறத்துக்காக அல்ல. பூச்சு கிடைக்கவில்லை என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் சுமந்துகொண்டிருந்த கரித்துண்டைப் பற்றி இவனுக்கு ஒன்றுமே தெரியாது. தெரிய வைக்க வேண்டுமா என்று அன்று முழுக்க யோசித்தேன். வேண்டாம் என்று பட்டது. இப்போதே வேண்டாம்.

மறுநாள் ஃபிராவ் வேபர் வீட்டுக்குப் போனேன். தயார் செய்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: "ஒன்று எல்லாருக்கும் கரி பூசுங்கள். இல்லையென்றால் யாருக்கும் பூசாதீர்கள். என் மகன் அழுகிறான்."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு நான் என் அப்பாவைப் பற்றி, ஷெட்டைப் பற்றி, பவுடரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். கட்டுமரம் என்பதற்குச் சொல் கிடைக்காமல் கையால் வரைந்து காட்டினேன். அவர் காபியைக் கலக்குவதை நிறுத்தினார். முகம் மெல்லச் சிவந்தது.

"போனில் நான் அப்படிச் சொன்னேனா?" என்று கேட்டார்.

"சொன்னீர்கள்."

"நீங்களும் சிரித்தீர்களே."

"ஆமாம். எங்கள் வீட்டுப் பழக்கம்."

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அந்த வருஷம் நாலு பிள்ளைகளுக்கும் கரி கிடையாது. பதிலாக எல்லாருக்கும் நெற்றியில் தங்கத் தாளில் வெட்டிய ஒரு நட்சத்திரம் ஒட்டினார். தாமஸுக்கு அது போதவில்லை. கன்னத்திலும் ஒன்று கேட்டு ஒட்டிக்கொண்டான்.

அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதிலில், "பேரன் தரையிலயே நடந்து போறானாமே, பாவம்" என்று ஒரே வரி. மீதியெல்லாம் அம்மாவின் சர்க்கரை வியாதி.

8

ஜனவரி ஆறாம் தேதி நானும் துணைக்குப் போனேன். முழங்கால் பனி. மார்க்குஸ் பொன் வைத்திருந்தான். ஒரு சிறுமி தூபம். தாமஸ் வெள்ளைப்போளம். இன்னொரு பையன் நட்சத்திரக் கழி. நான் பின்னால் கம்பளிக் கையுறைகளைச் சுமந்துகொண்டு நடந்தேன்.

எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு முதியவர் தனியாக இருக்கிறார். பத்து வருஷத்தில் எனக்கு ஒரு தலையசைப்பு தந்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் கதவைத் திறந்தார். பிள்ளைகள் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் அவர் தாமஸின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். கேள்வி வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. டிராமில், கடையில், வார்டில் என்னிடம் தினமும் கேட்கப்படும் கேள்வி. இன்றுவரை எனக்குச் சரியான பதில் கிடைக்காத கேள்வி.

"நீ எங்கேயிருந்து வருகிறாய்?"

மார்க்குஸ் ஒத்திகையில் சொல்லித் தந்தபடி, "கீழ்த்திசை நாட்டிலிருந்து!" என்று கத்தினான். அந்தச் சிறுமியும் கூடச் சேர்ந்து கத்தினாள்.

தாமஸ் அவர்களை வியப்போடு திரும்பிப் பார்த்தான். பிறகு, தொலைந்துபோனால் சொல்லவேண்டும் என்று நான் மனப்பாடம் செய்ய வைத்திருந்ததை, கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒப்பித்தான். எங்கள் தெருப் பெயர், வீட்டு எண், இரண்டாவது மாடி, இடப்பக்கக் கதவு.

"அப்படியா? அவ்வளவு பக்கத்திலா!" என்றார் முதியவர்.

"ஆமாம். நடந்தே வந்துவிட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம், சாந்தோம் என்று ஒரு சொல்கூட அவன் வாயில் வரவில்லையே என்று வருத்தமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. எது அதிகம் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

சாக்குக்கட்டியால் எழுதுவது தாமஸின் முறை. நிலை அவனுக்கு எட்டவில்லை. நான் முன்னே வருவதற்குள் முதியவர் தன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவனை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். கிரீடம் சரிந்து அவர் மூக்கில் இடித்தது. அவர் அசையவில்லை. தாமஸ் நாக்கைத் துருத்திக்கொண்டு வருஷத்தை எழுதினான். சி எழுதினான். எம் எழுதினான். கடைசியாக பி. அதன் தொப்பைகள் இரண்டும் தவறான பக்கம் திரும்பியிருந்தன.

"ஐயோ, நான் அழித்துவிட்டுச் சரியாக எழுதித் தருகிறேன்" என்றேன்.

"வேண்டாம் ஃபிராவ் சவரிமுத்து" என்றார் முதியவர், என் பெயர் அவருக்கு எப்படித் தெரியுமென்று நான் யோசிப்பதற்குள். "எழுதியவர் பக்கத்துத் தெருக்காரர். தப்பென்றால் அவரையே கூப்பிட்டுத் திருத்தச் சொல்கிறேன்."